வாரம் மூன்று நாள் டியூட்டி, ஏழு நாளும் களைப்பு: பகுதி நேரச் செவிலியர் ஒருவருக்கு என் பதில்

கேள்வி: நான் ஸ்டாஃப் நர்ஸ். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு முழுநேர வேலையிலிருந்து பகுதி நேரத்துக்கு மாறினேன். வாரம் 3 ஷிஃப்ட், அதில் ஒன்று நைட். மூத்தவனுக்கு 7 வயது, சின்னவளுக்கு 10 மாதம். கணவருக்கு முழுநேர வேலை. மாமியார் எங்களோடு இருக்கிறார். வீட்டைப் பார்த்துக்கொள்ளத்தான் வேலையைக் குறைத்தேன். ஆனால் முன்பைவிட இப்போதுதான் அதிகமாகக் களைத்துப்போகிறேன். வார்டில் என்னை அரை ஆளாகப் பார்க்கிறார்கள். வீட்டிலோ 'சும்மாதானே இருக்கே' என்கிறார்கள். பேசாமல் முழுநேரத்துக்கே திரும்பிவிடலாமா, இல்லை வேலையை விட்டுவிடலாமா?

பதில்:

இரண்டையும் இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். நானும் 9 வருடம் பகுதி நேரமாக வேலை பார்த்தவள். அப்புறம் வார்டு இன்சார்ஜாகி, மற்றவர்களுக்கு டியூட்டி லிஸ்ட் போடும் இடத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் ஒன்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். பகுதி நேர நர்ஸை வார்டில் செலவாகும் மணி நேரம் களைப்பாக்குவதில்லை. அதற்கு முன்னும் பின்னும் யார் கணக்கிலும் வராமல் கரையும் நேரம்தான் ஆளைத் தின்கிறது. கணக்கில் வராததை வீட்டில் உள்ளவர்களிடம் கேட்கவும் முடியாது, இன்சார்ஜிடம் பேசவும் முடியாது. அதனால் முதல் வேலை, ஒரு பேப்பர் எடுத்து எழுதிப் பார்ப்பது.

உங்கள் ஷிஃப்ட் 8 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 3 ஷிஃப்ட் என்றால் பேப்பரில் 24 மணி நேரம். போக 45 நிமிடம், வர 45 நிமிடம். ஹேண்ட் ஓவர் கொடுத்து, அதாவது அடுத்த டியூட்டிக்காரரிடம் நோயாளிகளின் விவரத்தைச் சொல்லி ஒப்படைத்து, கிளம்ப அரை மணி நேரமாவது ஆகும். வீட்டுக்கு வந்து யூனிஃபார்மைக் கழற்றிக் குளித்துவிட்டுக் குழந்தையைத் தூக்க இன்னும் 20 நிமிடம். ஆக ஒரு ஷிஃப்ட் 10 மணி 20 நிமிடம், மூன்றுக்கு 31 மணி நேரம். கிளம்புவதற்கு முன்னால் சமைத்து வைப்பது, பால் எடுத்து வைப்பது, மூத்தவனின் பையைத் தயார் செய்வது என்று ஒவ்வொரு முறையும் 1 மணி நேரம் போகும். சேர்த்தால் 34. நைட் முடித்த பகலில் தூங்கியே ஆக வேண்டிய 6 மணி நேரத்தையும் கூட்டுங்கள். 40 மணி நேரம். 24 என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் 40. உங்கள் எண்கள் கொஞ்சம் மாறலாம். ஆனால் எழுதிப் பார்த்த யாருக்குமே 24-இல் நின்றதை நான் கண்டதில்லை.

இந்தப் பேப்பரைக் கணவருக்கும் மாமியாருக்கும் காட்டுங்கள். சண்டைக்காக இல்லை. 'சும்மாதானே இருக்கே' என்பவர்கள் பெரும்பாலும் கெட்ட மனதோடு சொல்வதில்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிவது, பகல் 11 மணிக்கு நைட்டியோடு படுத்திருக்கும் மருமகள் மட்டும்தான். அவள் முந்தின இரவு 2 மணிக்கு மூச்சுத்திணறலோடு வந்த ஒருவரின் பக்கத்தில் நின்றிருந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் சொன்னால்தான் தெரியும். எதையும் வீட்டில் சொல்லாமல் விழுங்கிக்கொள்வது நம் தொழிலில் பழகிப்போன ஒன்று. நோயாளியின் பெயரைச் சொல்லக்கூடாது, அது சரி. ஆனால் 'நேற்று ராத்திரி உட்காரவே நேரமில்லை' என்று சொல்வதில் ஒரு தப்பும் இல்லை.

இனி நைட் டியூட்டி. உங்கள் களைப்பில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு. வாரம் ஒரே ஒரு நைட்தானே என்று தோன்றும். ஆனால் தொடர்ந்து நைட் பார்ப்பவருக்காவது உடல் ஓரளவு பழகும். வாரம் ஒரு முறை பார்ப்பவருக்கு அது பழகவே வழியில்லை. உடலின் உள்கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் 1 மணி நேரம்தான் நகரும். அது நகரத் தொடங்கும்போதே நீங்கள் பகல் வாழ்க்கைக்குத் திரும்பிவிடுகிறீர்கள். அதனால் நைட்டுக்குப் பழகிக்கொள்ள முயற்சி செய்யாதீர்கள். வருகிற சேதத்தைக் குறைத்துக்கொள்வதே போதும்.

நான் செய்தது இதுதான். நைட்டுக்குப் போகும் நாள் மதியம் ஒன்றரை மணி நேரம் கட்டாயத் தூக்கம். தூக்கம் வராவிட்டாலும் இருட்டறையில் படுத்திருப்பேன். வார்டில் நள்ளிரவு தாண்டியபின் காபி கிடையாது. நாம் குடிக்கும் காஃபினில் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். விடிகாலை 4 மணிக்குக் குடிக்கும் காபி, காலை 9 மணிக்குக் கண்ணை மூடும்போதும் பாதி உள்ளேயே இருக்கும். அந்த 4 மணி உடல் வெப்பம் மிகவும் கீழே இறங்கியிருக்கும் நேரம். அப்போது குளிர்வதும் கை தடுமாறுவதும் இயல்பு. மருந்துக் கணக்கு போடுவது, ஊசி மருந்தின் அளவைச் சரிபார்ப்பது போன்ற வேலை அந்நேரத்தில் வந்தால் கூட இருப்பவரை ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஜன்னலை மூடி, ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டு, முடிந்தவரை உடனே தூங்கிவிட வேண்டும். துணியைப் போட்டுவிட்டுத் தூங்கலாம், பாத்திரத்தைக் கழுவிவிட்டுத் தூங்கலாம் என்று தள்ளினால் 11 மணி ஆகிவிடும். அதற்குமேல் படுத்தால் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். பகல் தூக்கம் எப்படியும் இரவுத் தூக்கத்தைவிடக் குறைவாகவே இருக்கும், அதை இன்னும் குறைத்துக்கொள்ளாதீர்கள். எழுந்தபின் வெளிச்சத்தில் நடமாடிவிட்டு, அன்று இரவு எல்லோரும் தூங்கும்போதே நீங்களும் தூங்குங்கள்.

வண்டி ஓட்டுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒருநாள் நைட் முடித்து வரும்போது சிக்னலில் நின்றேன். பச்சை விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை. கண் திறந்துதான் இருந்தது. பின்னால் இருந்தவர்கள் அடித்த ஹாரன் ஏதோ தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. யாரோ வந்து தோளைத் தட்டியபிறகுதான் கியரைப் போட்டேன். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் செயல்திறனுக்குச் சமமாக இறங்கிவிடும் என்று 1997-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. காலையில் எழுந்து, பகலெல்லாம் குழந்தையோடு இருந்துவிட்டு, இரவு டியூட்டிக்குப் போய்த் திரும்பினால் 24 மணி நேரமே ஆகிவிடுகிறதே! அந்த நாளிலிருந்து நைட் முடித்தால் நான் வண்டி ஓட்டியதில்லை. பஸ், இல்லையென்றால் வீட்டிலிருந்து யாராவது வந்து அழைத்துப்போவது. உங்கள் கணவரிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால் முதலில் இதைக் கேளுங்கள்.

நைட் வேண்டாம் என்று எழுதிக் கேட்க வழி இருந்தால், சின்னவளுக்கு 2 வயது ஆகும்வரையாவது கேட்டுப் பாருங்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவு ஷிஃப்ட் வேலையை 'புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற பிரிவில் 2007-இல் சேர்த்தது, 2019-இல் மறுபடி ஆராய்ந்து அதே பிரிவில்தான் வைத்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை. பல வருடம் தொடர்ந்து நைட் பார்ப்பதைப் பற்றிய கவலை அது, வாரத்தில் ஒன்றுக்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். ஆனால் 'நைட் எல்லாருக்கும் சகஜம்தானே' என்று யாராவது சொன்னால், இது சகஜமாக எடுத்துக்கொள்ளும் விஷயம் இல்லை என்று நீங்கள் நிமிர்ந்து சொல்லலாம்.

டியூட்டி லிஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். செவிலியர்களுக்கென்றே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977-இல் ஓர் உடன்படிக்கையையும் (எண் 149) ஒரு பரிந்துரையையும் (எண் 157) கொண்டுவந்தது. குடும்ப வாழ்க்கையைத் திட்டமிட வசதியாக, வேலை அட்டவணையைப் போதிய நாள் முன்னதாகவே செவிலியருக்குத் தர வேண்டும் என்று அந்தப் பரிந்துரை சொல்கிறது. இரண்டு ஷிஃப்ட்டுக்கு நடுவே குறைந்தது 12 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும் என்றும் சொல்கிறது. பகுதி நேரத் தொழிலாளர்களுக்கான 1994 உடன்படிக்கை (எண் 175), வேலை நேர விகிதப்படி கணக்கிட்டால், பகுதி நேரம் என்ற ஒரே காரணத்துக்காக அடிப்படைச் சம்பளம் முழுநேரத்தாருடையதைவிடக் குறைந்துவிடக்கூடாது என்கிறது. எல்லா நாடுகளும் இவற்றை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. உங்கள் நாட்டுச் சட்டத்தையும் உங்கள் பணி ஒப்பந்தத்தையும் தனியாகப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் கேட்பது சலுகை இல்லை என்ற தெளிவு இதில் கிடைக்கும். அந்தத் தெளிவோடு கேட்கும்போது குரலே மாறும்.

இன்சார்ஜாக இருந்தவள் என்ற முறையில் ஒரு ரகசியம் சொல்கிறேன். 'திங்கள் முடியாது, வெள்ளி முடியாது, சனி கஷ்டம்' என்று வருபவருக்கு லிஸ்ட்டில் இடம் தேடுவது பெரிய தலைவலி. 'செவ்வாயும் புதனும் காலை, மதியம் எதுவானாலும் வருவேன், மாதம் 2 சனிக்கிழமை எடுத்துக்கொள்கிறேன்' என்று எழுதிக் கொடுப்பவரின் பெயரை நான் முதலில் போட்டுவிடுவேன். அடுத்தடுத்த நாட்களாகக் கேளுங்கள். நேற்றுப் பார்த்த நோயாளியையே இன்றும் பார்க்கும்போது வேலை பாதியாகக் குறையும், கேஸ் ஷீட்டை முதலிலிருந்து புரட்ட வேண்டியதில்லை. ஷிஃப்ட் மாறுவதாக இருந்தால் காலை, மதியம், நைட் என்ற வரிசையில் முன்னோக்கி மாறுவதே உடலுக்கு எளிது. மதியம் டியூட்டி முடித்து இரவு 10 மணிக்கு வீட்டுக்கு வந்து மறுநாள் காலை 7 மணிக்கு மறுபடி நிற்கச் சொல்வதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நடுவில் தூக்கம் என்று ஒன்று இருக்காது.

அப்புறம் அந்த ஃபோன். ஆஃப் நாளில் வரும் 'சிஸ்டர், ஒரு ஆள் லீவு, இன்னைக்கு மட்டும் வர முடியுமா?' பகுதி நேரக்காரருக்குத்தான் இது அதிகம் வரும், வீட்டில்தானே இருப்பார் என்று. நானே அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன், அதில் இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. ஆள் குறைந்த காலை நேரத்தில் இன்சார்ஜ் முதலில் கூப்பிடுவது யாரை? இதுவரை மறுக்காதவரைத்தான். அவருக்கு எத்தனை குழந்தை என்று அந்த நிமிடத்தில் யாரும் யோசிப்பதில்லை. அதனால் மாதத்துக்கு ஒரு கூடுதல் ஷிஃப்ட், அதற்குமேல் இல்லை என்று ஃபோன் வருவதற்கு முன்பே முடிவு செய்து வையுங்கள். ஃபோன் வந்ததும் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டாம். '10 நிமிடத்தில் சொல்கிறேன்' என்று வையுங்கள். முடியாது என்றால் காரணம் சொல்லாதீர்கள். 'குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை' என்றால் 'மாமியார் இருக்காங்களே' என்று அடுத்த கேள்வி வரும். 'இன்னைக்கு முடியாது மேடம்' என்பதே முழு பதில்.

வார்டில் அரை ஆள் என்ற பேச்சு வலிக்கும். அதில் ஒரு துளி உண்மையும் இருக்கிறது, அதைச் சரிசெய்ய முடியும். 4 நாள் கழித்துப் போகும்போது மருந்து ஏற்றும் பம்ப் மாறியிருக்கும், படிவம் மாறியிருக்கும், ஒரு மருந்தைக் கொடுக்கும் முறையே மாறியிருக்கும். உங்களுக்குத் தெரியாததை மற்றவர்கள் அலட்சியமாக எடுத்துக்கொள்வார்கள். ஷிஃப்ட்டின் முதல் 10 நிமிடத்தில் அறிவிப்புப் புத்தகத்தைப் படித்துவிடுங்கள், தோழி ஒருவரிடம் 'நான் இல்லாதபோது என்ன மாறியது' என்று மட்டும் கேளுங்கள். வார்டில் ஏதாவது ஒன்றை முழுக்க உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். அவசர மருந்துகளும் கருவிகளும் இருக்கும் எமர்ஜென்சி ட்ராலியை வாராவாரம் சரிபார்ப்பதை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு வருடத்தில் ட்ராலி பற்றி எதுவானாலும் என்னைத்தான் கேட்டார்கள். ஆஃப் நாளில் பயிற்சி வகுப்புக்கு வரச் சொன்னால் அது வேலை நேரமாகக் கணக்கில் வருகிறதா என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் வார்டு நம்மை விடாது, அதையும் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் இரவு 9 மணிக்கு மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று நினைவு வந்தது: 6-ஆம் பெட்டில் பொட்டாசியம் டிரிப்பின் வேகத்தைக் குறைக்கச் சொன்னார்களே, அதை அடுத்த டியூட்டி சிஸ்டரிடம் சொன்னேனா? கை அப்படியே நின்றுவிட்டது. வார்டுக்கு ஃபோன் போட்டேன். 'சொன்னீங்களே, எழுதியும் வெச்சிருக்கீங்களே' என்றாள். ஃபோனை வைத்தபோதுதான் மகன் ஏதோ ஒன்றை மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. அடுத்த டியூட்டியிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஹேண்ட் ஓவர் முடிந்ததும் கிளம்பாமல், வார்டு வாசலில் நின்று பெட் பெட்டாக ஒரு பார்வை. ஒவ்வொன்றிலும் டிரிப், மருந்து, வர வேண்டிய ரிப்போர்ட், சொல்ல வேண்டியது. 2 நிமிடம்தான். எல்லாம் சரி என்றபின் பேட்ஜைக் கழற்றிப் பையில் போடுவேன். பேட்ஜ் பைக்குள் போய்விட்டால் வார்டு அடுத்தவர் கையில். எல்லா நாளும் இது பலித்தது என்று சொல்லமாட்டேன். ஒரு குழந்தை இறந்துபோன நாளில் எந்தப் பழக்கமும் உதவாது. அப்படிப்பட்ட நாளில் கூட வேலை செய்தவர் ஒருவரோடு கால்மணி நேரம் பேசிவிட்டுக் கிளம்புங்கள். வீட்டில் உள்ளவர்களால் கேட்க முடியும், புரிந்துகொள்ள வார்டில் நின்றிருக்க வேண்டும்.

வீட்டுப் பங்கீட்டில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. 'எனக்கு உதவி செய்யுங்கள்' என்று கேட்காதீர்கள். உதவி என்றால் நினைவில் வைத்திருப்பதும் சொல்வதும் சரிபார்ப்பதும் உங்களிடமே இருக்கும், செய்வது மட்டும் அவர். வார்டில் பொறுப்பை எப்படி ஒப்படைக்கிறோமோ அப்படி ஒப்படையுங்கள். சின்னவளின் தடுப்பூசி அட்டை கணவர் கையில் என்றால் அட்டையும் தேதியும் கூட்டிப்போவதும் முழுக்க அவருடையது. மூத்தவனின் பள்ளி சம்பந்தப்பட்ட அத்தனை செய்தியும் அவர் ஃபோனுக்கு. முதல் மாதம் ஏதாவது தவறும். பக்கத்தில் நின்று திருத்தாமல் விட்டால்தான் இரண்டாம் மாதம் நேராகும்.

இன்னொன்று நம் தொழிலுக்கே உரியது. வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தால் அவள் சொந்தம் அத்தனை பேருக்கும் நர்ஸ். பெரியப்பாவின் சர்க்கரை, நாத்தனாரின் பிரசவம், பக்கத்து வீட்டுக்காரரின் கட்டுப் பிரிப்பு என்று ஆஃப் நாள் முழுவதும் ஓடிவிடும். மற்றவர்களுக்கு அது உறவு, நமக்கு அது இன்னொரு ஷிஃப்ட். மாமியாருக்கு மருந்து எடுத்து வைப்பது முதல் டாக்டரிடம் கூட்டிப்போவது வரை நீங்கள்தானே? டாக்டர் எழுதியதைப் படித்து விளக்குவதை வைத்துக்கொள்ளுங்கள், அதை உங்களைப்போல யாரும் செய்ய முடியாது. கூட்டிப்போவதையும் காத்திருப்பதையும் அவர் மகனிடம், அதாவது உங்கள் கணவரிடம் விடுங்கள். உறவுக்காரர்கள் ஃபோன் செய்தால் 'டாக்டரிடம் காட்டிவிட்டு என்ன சொன்னார் என்று சொல்லுங்கள், பார்க்கலாம்' என்று நிறுத்துங்கள். 2020-இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் சுமார் 2.8 கோடி செவிலியர்கள், அவர்களில் 90 சதவீதம் பேர் பெண்கள். வார்டில் பராமரிப்பவளே வீட்டிலும் பராமரிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உங்கள் வீட்டில் மட்டும் பிறந்ததில்லை. ஆனாலும் அதை மாற்றத் தொடங்க வேண்டியது உங்கள் வீட்டில்தான்.

குழந்தைகளைப் பற்றி நீங்கள் நினைக்கும் அளவுக்குக் கவலை வேண்டாம். 7 வயதுப் பையனுக்கு அம்மா எத்தனை மணி நேரம் இருக்கிறாள் என்பதைவிட எப்போது வருவாள் என்பது தெரிந்தால் போதும். அவன் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு காலண்டரை மாட்டி, டியூட்டி நாளுக்கு அவனையே வண்ணம் அடிக்கச் சொல்லுங்கள். சின்னவளுக்குத் தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால், எடுத்த பாலை 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் 4 மணி நேரமும் ஃப்ரிட்ஜில் 4 நாளும் வைத்துக்கொள்ளலாம். டியூட்டி நேரத்தில் பால் எடுக்க இடைவேளை கேட்கக் கூச்சப்படாதீர்கள். மகப்பேறு பாதுகாப்புக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 183) அந்த இடைவேளையைச் சம்பளத்தோடு கூடிய வேலை நேரமாகவே கருதச் சொல்கிறது.

உங்களுக்கென்று வாரத்தில் ஒரு 3 மணி நேரம் வேண்டும். ஆஃப் நாளில், குழந்தை வேறொருவர் கையில் இருக்க, சமையலும் துணியும் இல்லாமல். எதற்கு என்று கேட்பவர்களிடம் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஓர் அடையாளத்தை மட்டும் கவனித்துக்கொண்டே இருங்கள். வேலையில் எரிந்துபோவதை (பர்ன் அவுட்) உலக சுகாதார அமைப்பு மூன்று அறிகுறிகளால் விவரிக்கிறது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, நம்மால் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றுவது. களைப்பு எல்லா நர்ஸுக்கும் உண்டு. இரண்டாவதுதான் எனக்கு மணியடிக்கும். நோயாளியின் பெயர் மனதில் நிற்காமல் '12-ஆம் பெட்' என்று மட்டும் நிற்கும், வீட்டில் குழந்தை அழுதால் பாவம் என்று தோன்றாமல் எரிச்சல் மட்டும் வரும். அது வாரக்கணக்கில் நீடித்தால் லிஸ்ட்டை மாற்றிப் பயனில்லை. நீங்களே ஒரு மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் அது. குழந்தைக்கு 10 மாதம்தான் ஆகிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு முதல் வருடம் முழுக்க எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். ரத்தசோகையையும் தைராய்டையும் சேர்த்துப் பார்த்துவிடச் சொல்லுங்கள். களைப்புக்குப் பின்னால் அவை இருந்து நாம் வாழ்க்கையைக் குறைசொல்லிக்கொண்டிருந்தால் வீண்.

இப்போது உங்கள் கேள்வி. மேலே சொன்னதில் மூன்றை மட்டும் 3 மாதம் செய்து பாருங்கள்: கணக்குப் பேப்பர், நைட் முடித்த பகல் தூக்கம், ஆஃப் நாள் ஃபோனுக்கு வரம்பு. அதன்பிறகும் இதே களைப்பு இருந்தால் நைட் இல்லாத புறநோயாளர் பிரிவோ தடுப்பூசிப் பிரிவோ கிடைக்குமா என்று கேளுங்கள், விடுவதற்கு முன் அந்தப் படி ஒன்று இருக்கிறது. முழுநேரத்துக்குத் திரும்புவதை சின்னவள் பள்ளிக்குப் போனபிறகு யோசிக்கலாம். விடத்தான் வேண்டும் என்று முடிவானாலும் ஒன்றைக் கைவிடாதீர்கள். செவிலியர் கவுன்சிலில் உங்கள் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய தேதி எது என்று இன்றைக்கே எடுத்துப் பார்த்து, அதே காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள்.